மூதேவி என்றார்கள், ஆத்தா என்றார்கள்

என்னைத் தூங்குமூஞ்சி என்று சொன்னவர்கள் எல்லாரும் வாசிக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். அவர்கள் வாசிக்காவிட்டாலும் யாராவது வாசித்துக் காட்டட்டும். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில், என் வீடு. கண்டி டவுனில் ஒரு தையல் கடையில் சாரி ஜாக்கெட் தைக்கிறேன். காலையில் குளித்துத் திருநீறு பூசி, பிள்ளையாருக்கு ஒரு பூ வைத்துவிட்டுத்தான் பஸ்ஸுக்கு இறங்குவேன். இதுதான் நான். இதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை, இதற்குக் கீழேயும் இல்லை.

தூக்க வருத்தம், அந்த நோய், என்றால் எல்லாரும் கண்ணை மூடுவதைத்தான் நினைக்கிறார்கள். என் வருத்தம் கண் திறந்திருக்கும்போதுதான் கூடுதலாக வேலை செய்தது. அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு அடுப்பையே பார்த்துக்கொண்டு நிற்பேன். பருப்பு பொங்கி வழியும். பார்த்துக்கொண்டேதான் இருந்தேன், ஆனால் காணவில்லை. யாராவது பேசினால் முதல் சொல்லும் கடைசிச் சொல்லும் காதில் விழும், நடுவில் உள்ளது எங்கேயோ போய்விடும். "ம்" என்று மட்டும் சொல்லி வைப்பேன். அந்த ஒரு "ம்"மினால் வீட்டில் எத்தனை சண்டை வந்திருக்கிறது.

எனக்கு வலித்தது அதுகூட இல்லை. விளக்கு வைத்துக் கும்பிட நிற்பேன். பிள்ளையாரில் தொடங்குவேன். வாயில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும், பாதியில் நினைப்பு கழன்று, அரிசி ஊறப்போட்டேனா என்பதில் போய் நிற்கும். திரும்பவும் முதலிலிருந்து தொடங்குவேன், திரும்பவும் கழன்றுவிடும். ஒரு பாட்டை முழுதாக முடித்து எத்தனை காலம் ஆகிவிட்டது என்று நினைத்து, விளக்கின் முன்னால் அழுதிருக்கிறேன். சாமிக்கே என்னைப் பிடிக்கவில்லை போல, அதனால்தான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது என்று நினைத்தேன்.

கடையில் பெயர் வந்தது ஒரு கல்யாண ஜாக்கெட்டால். சீலையோடு வந்த துண்டு சின்னது. துணியை மடித்து வெட்டினால் இரண்டு கையும் சோடியாக வந்துவிடும். துண்டு போதாததால் ஒவ்வொரு கையாக வெட்டினேன். இரண்டாவதை வெட்டும்போது காகித அச்சைத் திருப்பிப் போட வேண்டும். தையல் பழகிய முதல் மாதமே தெரிந்துகொள்கிற விஷயம் இது. நான் திருப்பவில்லை. இரண்டும் இடது கையாக வந்தது. அதைக்கூடக் கவனிக்காமல் தைத்து, பட்டன் வைத்து, இஸ்திரி போட்டு, அழகாக மடித்தும் வைத்துவிட்டேன்.

கடை முதலாளி அம்மா யாழ்ப்பாணத்து மனிசி. ஜாக்கெட்டை விரித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இதென்னப்பா, பொம்பிளைக்கு ரெண்டு கையும் ஒரே பக்கமோ?"

பக்கத்து மெஷினில் இருந்தவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"நீர் முந்தி இப்பிடி இல்லை. இப்ப என்ன, மெஷினுக்கு முன்னால இருந்துகொண்டே நித்திரையோ? மூதேவி பிடிச்சால் கடையும் சேர்ந்தெல்லோ விடியாமல் போகும்."

அன்றிலிருந்து கடையில் என் பெயர் அதுதான். முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள். நான் தேத்தண்ணி குடிக்க எழும்பினால், "மூதேவி எழும்பியாச்சு" என்று ஊசி நூல் பெட்டிக்குள் பேசுவார்கள். என் கண் போனாலும் காது போகவில்லை.

வீட்டில் வேறு கதை. என் வீட்டுக்காரருக்குத் தோட்டத்துத் தேயிலை இஸ்டோரில், கொழுந்து அரைக்கிற இடத்தில், வேலை. அதிகம் பேசாத மனிதர். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்.

"நீ தூங்கையில மூச்சு நின்னு போவுது புள்ள."

"என்னா சொல்றீங்க?"

"கொறட்ட வுடுற. அப்புறம் சத்தமே இல்ல. நான் காத்துக்கிட்டே கெடப்பேன். அப்புறம் ஹக்குன்னு இழுத்துக்கிட்டு கைய வீசுற. நேத்து என் மூக்குலேயே ஒன்னு வெச்ச."

எனக்கு மூச்சு நின்றதைவிடக் குறட்டை என்ற சொல்தான் பெரிதாகப் பட்டது. "பொம்பள கொறட்ட வுடுறான்னு வெளிய சொல்லிப்புடாதீங்க" என்றேன்.

"வெளிய சொல்லி என்னா, லயத்துல பாதிப் பேருக்கு கேக்குது."

அவர்தான் பிடிவாதமாக என்னைக் கண்டிக்குக் கூட்டிப்போனார். கிளினிக்கில் ஒரு லேடி டொக்டர். அவர் சிங்களத்தில் சொல்ல, நர்ஸ் தமிழில் சொன்னார். தூங்கும்போது தொண்டைக்குள் சதை தளர்ந்து மூச்சு வரும் வழியை அடைத்துவிடுகிறதாம். மூச்சு நின்றதும் மூளை பயந்துபோய் என்னை உலுக்கி எழுப்புகிறதாம். எழும்பியதே எனக்குத் தெரியாதாம். ராத்திரி முழுக்க இப்படி எழும்பிக்கொண்டே இருந்தால் பகலில் கவனம் எங்கிருந்து வரும் என்று கேட்டார். ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் தூங்கவைத்துப் பார்க்க வேண்டும், அதற்கு முறை வரும்வரை ஒருக்களித்துப் படுங்கள், உடம்பைக் கொஞ்சம் குறையுங்கள் என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு அழுகை வந்தது, துக்கத்தில் இல்லை. என்னை மூதேவி பிடிக்கவில்லை, தொண்டையில் ஒரு அடைப்பு, அவ்வளவுதான். சாமி முகத்தைத் திருப்பவில்லை, எனக்குத்தான் மூச்சு வரவில்லை. அந்த ஒரு பேச்சுக்காக அந்த டொக்டர் அம்மா நல்லா இருக்க வேண்டும்.

இனிச் சொல்லப்போவதுதான் நான் எழுத உட்கார்ந்த விஷயம்.

எங்கள் காம்பராவுக்கு அடுத்த காம்பராவில் இருப்பவர் எனக்கு மதினி முறை. ஒரே சுவர்தான் இடையில். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னை "அடியே" என்றுதான் கூப்பிடுவார். உப்பு முடிந்தால் கேட்காமலே வந்து எடுத்துக்கொண்டு போவார். அவருடைய வீட்டுக்காரர் தோட்டத்தில் வாச்சராக இருந்து ஓய்ந்தவர். சீனி வருத்தக்காரர். காலில் ஒரு கல் குத்திப் பெருவிரல் புண்ணாகி, கறுத்துப்போனது. விரலை எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போட்டால் கறுப்பு ஏறும், அப்புறம் காலையே எடுக்க வேண்டி வரும் என்று கண்டி ஆஸ்பத்திரியில் சொல்லி நாளும் கொடுத்திருந்தார்கள். மதினிக்குப் பயம். விரலை எடுக்கக் கொடுத்தவர்கள் திரும்பி வரவில்லை என்று யார் யாரோ கதை சொல்லியிருந்தார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை நான் கடையிலிருந்து வந்து, வீட்டுக்குள் போகாமல் நேரே மாரியம்மன் கோயிலுக்கு ஏறினேன். சாம்பிராணிப் புகை, கூட்டம், சூடு. தப்பு மேளக்காரர்கள் அடித்துக்கொண்டிருந்தார்கள். தூண் பக்கத்தில் கொஞ்சம் இடம் கிடைத்தது. உட்கார்ந்து, கும்பிடக் கண்ணை மூடினேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கண்ணைத் திறந்தபோது தலையெல்லாம் மஞ்சள் தண்ணி. நெற்றியில் அள்ளி அப்பிய திருநீறு. சுற்றிவர முகங்கள், எல்லாம் கைகூப்பிக்கொண்டு. என் முன்னால் ஒரு தட்டு குப்புறக் கிடந்தது. பூ சிதறிக் கிடந்தது. ஒரு எலுமிச்சம்பழம் உருண்டு போய் வாசற்படியில் நின்றது. மதினி மண்டியிட்டு அழுதுகொண்டிருந்தார்.

என்ன நடந்தது என்று பிறகு கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் தலை சாய்ந்து சாய்ந்து சுற்றியிருக்கிறது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம். ஆத்தா வருகிறாள் என்று பூசாரி உடுக்கையை எடுக்க, தப்புக்காரர்கள் வேகம் கூட்டியிருக்கிறார்கள். மதினி ஓடிப்போய்த் தட்டில் பூவும் பழமும் சூடமும் வைத்துக்கொண்டு வந்து என் முன்னால் நீட்டி, "ஆத்தா, அவரு வெரல எடுக்கச் சொல்றாங்க, உத்தரவு குடு தாயே" என்று கேட்டிருக்கிறார். ஆத்தா தட்டைத் தொட்டால் உத்தரவு. எங்கள் பக்கத்து வழக்கம் அது. அந்த நேரம் பார்த்து எனக்கு மூச்சு நின்று, ஹக்கென்று இழுத்துக் கையை வீசியிருக்கிறேன். தட்டு பறந்தது.

ஆத்தா தட்டைத் தட்டிவிட்டாள். உத்தரவு இல்லை. ஊரே பார்த்தது.

"மதினி, ஆத்தா வரல, நான் தூங்கிட்டேன்" என்றேன், தலையிலிருந்து மஞ்சள் தண்ணி வடிய வடிய. "எனக்குத்தான் வருத்தம் இருக்கே, டொக்டர் சொன்னாங்களே."

அவர் எழும்பி என் காலைத் தொட்டார். என்னை "அடியே" என்று கூப்பிடுகிற மனிசி. "சரிங்க ஆத்தா" என்றார்.

பக்கத்தில் நின்ற கோயில் தலைவர் மெதுவாகச் சிரித்தார். "சாமி வந்தவங்களுக்கு எப்பம்மா தெரிஞ்சிருக்கு? நீங்க தெரியாதுன்னு சொன்னாத்தானே நெசம்."

பாருங்கள் இந்த நியாயத்தை. ஆமாம் என்றால் ஆத்தா வந்தாள். இல்லை என்றால் கட்டாயம் ஆத்தா வந்தாள். எந்தப் பக்கம் ஓடினாலும் நான் ஆத்தாதான்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். சாமி வருவதை நான் கேலி பேசுகிறவள் இல்லை. வந்து ஆடுகிறவர்களைப் பார்த்து என் உடம்பு சிலிர்த்திருக்கிறது, இன்றைக்கும் கைகூப்பித்தான் நிற்பேன். அதனாலேயேதான் எனக்குக் கோபம் வந்தது. வராத ஆத்தாவை வந்தாள் என்று சொல்லி, அவள் சொல்லாததைச் சொன்னாள் என்று நம்பினால், அது அவளுக்குச் செய்கிற மரியாதையா?

மறுநாள் லயத்தில் நான் தண்ணி பிடிக்கப் பீலிக்குப் போனால் வழி விட்டார்கள். முந்தி என்னைத் தாண்டிக் குடத்தை வைக்கிறவர்கள் "நீங்க புடிங்க" என்று ஒதுங்கி நின்றார்கள். தோட்டத்து மேல் டிவிஷனிலிருந்து ஒரு பெண் பழத்தோடு வந்து, மகளுக்கு மாப்பிள்ளை அமையுமா என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கடையில் மெஷினுக்கு முன்னால் தூங்கினால் மூதேவி. கோயிலில் தூணுக்குப் பக்கத்தில் தூங்கினால் மாரியாத்தா. தூக்கம் ஒன்றுதான், அடைப்பும் ஒன்றுதான். நான் இரண்டு பேரும் இல்லை.

மதினி வீட்டுக்குப் போனேன். அவர் கதிரையைத் துடைத்துப் போட்டார். எனக்கு. நான் அந்த வீட்டில் எப்போதும் அடுப்படியில் பலகையில் உட்காருகிறவள். அவருடைய வீட்டுக்காரர் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு இருந்தார். கட்டுப் போட்டிருந்தாலும் வாடை அடித்தது.

"என்னைக்கு ஆஸ்பத்திரிக்கு போறீங்க மதினி?"

"போகலங்க. ஆத்தா வேணாம்னுட்டா. பச்சிலை கட்டுறோம்."

"நான் தூங்குனேன் மதினி. டொக்டர் துண்டு காட்டவா?"

"டொக்டர் சொன்னா ஆத்தா பொய்யாயிருவாளா?" அவர் குரலில் கோபம் இல்லை. பயம்தான் இருந்தது. "நீங்க கோவிச்சிக்காதீங்க. தாலி என் கழுத்துல. நான் ஆத்தாவ மீற முடியாது."

கட்டிலில் இருந்தவர் என்னைப் பார்த்தார். "தங்கச்சி, எனக்கு ஒன்னும் வெளங்கல. வலி மட்டும் வெளங்குது."

அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் தலைவர் கோயிலில் எனக்கு ஒரு பலகை போட்டுவிட்டார். சிவப்புத் துணி விரித்து, பக்கத்தில் வேப்பிலை வைத்து, குறி கேட்க வந்தவர்களை வரிசையாக உட்காரவைத்திருந்தார். நான் வாசலிலேயே நின்றேன்.

"வாங்கம்மா, குந்துங்க. ஊருக்கு நல்லது. எத்தன வருசமா நம்ம கோயிலுக்கு ஆத்தா வரல."

"இப்பவும் வரல தலைவரே."

"அத நீங்க சொல்லப்படாது."

"நான்தான் சொல்லணும். ஒடம்பு என்னோடது. தூங்குனதும் நான். ஆத்தா நெசமா வந்தா நான் தலைவணங்கி ஏத்துக்குவேன், யாரும் பலக போட்டு கூப்புட வேணாம். இது கொறட்ட தலைவரே. கொறட்டைக்கு செவப்புத் துணி எதுக்கு?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள், உடனே அடக்கிக்கொண்டார்கள். தலைவர் முகம் சுருங்கியது. "ஆத்தா சோதிக்கிறா" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். கூட்டம் அதற்கும் தலையாட்டியது.

ஒரு பொம்பளை ஊர் நடுவில் நின்று நான் குறட்டை விடுகிறேன் என்று சொல்வது லேசா? வீட்டுக்காரரிடம் வெளியே சொல்லாதீர்கள் என்று கெஞ்சியவள் நான். சொல்லியும் ஒருத்தரும் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து விளக்கின் முன்னால் உட்கார்ந்தேன். "தாயே, உன் பேரச் சொல்லி ஒரு மனுசன் கால் போகப்போகுது. நீ பாத்துக்கிட்டு இருப்பியா? வழி காட்டு" என்று கேட்டேன். அன்றைக்கும் பாட்டு பாதியில் கழன்றுபோனது. ஆனால் அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. சொன்னால் நம்பமாட்டார்கள். பார்த்தால்?

தினமும் நான் கண்டி பஸ்ஸில் தூங்குகிறவள். விடியும் முன் எழும்பி ஏறுவேன், பன்வில தாண்டுவதற்குள் தலை தொங்கிவிடும். அங்கே உடுக்கை இல்லை, சாம்பிராணி இல்லை, ஆத்தாவைக் கூப்பிட ஒருத்தரும் இல்லை. வெட்கத்தில் இத்தனை நாளும் ஜன்னல் பக்கம் திரும்பி, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வந்திருக்கிறேன். அந்த வெட்கத்தை எடுத்துத் தூரப்போட்டேன்.

மதினியிடம் போய்ச் சொன்னேன். "நாளைக்கு என் கூட கண்டிக்கு வாங்க. ஒன்னும் பேச வேணாம். பஸ்ஸுல என் பக்கத்துல குந்திக்கிட்டு என்னையே பாருங்க. அப்புறமும் ஆத்தான்னு சொன்னீங்கன்னா நான் அந்தப் பலகையில குந்துறேன்."

ஆத்தா கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? வந்தார்.

ஜன்னல் பக்கம் என்னை உட்காரவைத்து, அவர் இந்தப் பக்கம் உட்கார்ந்தார். மடியில் வெற்றிலைப் பை. நான் முந்தானையை வாயில் வைக்கவில்லை. முகத்தைத் திருப்பவும் இல்லை. பிள்ளையாரே என்று சொல்லிக் கண்ணை மூடினேன். வாழ்க்கையில் முதல்முறையாகத் தூக்கம் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு தூங்கினேன்.

என்னை எழுப்பியது கொண்டக்டரின் சிரிப்பு. அவர் சிங்களவர், தமிழும் பேசுவார். சீட்டுக்கு அடியில் குனிந்து கொட்டைப்பாக்கு பொறுக்கிக்கொண்டிருந்தார். மதினியின் வெற்றிலைப் பை கீழே கிடந்தது. வெற்றிலை முன் சீட்டுக்காரர் தோளில் ஒன்று, கீழே ஒன்று.

"இந்த அக்கா எல்லா நாளும் இப்பிடி தான்" என்றார் கொண்டக்டர், பாக்கை மதினி கையில் வைத்துக்கொண்டே. "கொர் கொர், பிறகு சத்தம் இல்ல, பிறகு டக்குன்னு கை. ஒரு நாள் என்ட டிக்கட் மெஷினும் விழுந்தது. கண்டி வந்தா நான் தான் எழுப்புறது."

மதினி என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். கண்டியில் இறங்கி, மார்க்கெட் பக்கத்து ஒரு கடையில் தேத்தண்ணி வாங்கிக் கையில் கொடுத்தேன். ஒரு மிடறு குடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"ஒனக்கு நெசமாவே ஒன்னும் தெரியலையா?"

"உனக்கு" என்றார். அது என் காதில் தேனாக விழுந்தது. நான் காட்டிக்கொள்ளவில்லை.

"தெரியல மதினி. அன்னைக்கும் தெரியல, இன்னைக்கும் தெரியல. கை என்னத்த தட்டுச்சுன்னுகூட தெரியல. அன்னைக்கு தட்டு, இன்னைக்கு வெத்தல."

"மூச்சு நின்னுபோச்சுடி. நெசமா நின்னுபோச்சு. நான் ஒன்ன உலுக்கப் போனேன், அதுக்குள்ள வீசிப்புட்ட." அவர் கையை வீசிக் காட்டினார். தேத்தண்ணி சிந்தியது. "பஸ்ஸுல உடுக்கை அடிக்கல."

"அடிக்கல."

"ஆத்தா டிக்கட் எடுத்துக்கிட்டா வருவா?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவர் அழத்தொடங்கினார். கடைக்காரர் எங்களைப் பார்த்தார். பார்க்கட்டும்.

"அப்ப ஆத்தா ஒன்னும் சொல்லலையா?"

"சொல்லல மதினி. ஒங்களுக்கு வேணும்னா வீட்டுல வெளக்கு வெச்சு நீங்களே கேளுங்க. எனக்கு தெரிஞ்ச ஆத்தா ஒரு புருசன காப்பாத்தாதன்னு சொல்றவ இல்ல."

கடை முதலாளி அம்மாவுக்குப் போன் செய்து, இன்றைக்கு வரவில்லை என்றேன். "என்ன, திரும்பவும் நித்திரையோ?" என்றார். "ஓம் அம்மா, என்ட நித்திரையால ஒரு வேலை இருக்கு" என்று அவருடைய பாஷையிலேயே சொல்லிவிட்டு வைத்தேன். அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போய், தவறிய நாளுக்குப் பதில் வேறு நாள் கேட்டோம். கறுப்பு எவ்வளவு தூரம் என்று கேட்டுவிட்டு, நாள் எல்லாம் வேண்டாம், நாளைக்கே கூட்டிவாருங்கள் என்றார்கள்.

கூட்டிப்போனோம். கால் தப்பியது. ஆனால் பெருவிரலோடு பக்கத்து விரலும் போனது. முதலில் சொன்ன நாளில் வந்திருந்தால் ஒன்றோடு போயிருக்கும் என்று டொக்டர் சொன்னார். மதினி வார்டுக்கு வெளியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே படுத்திருந்தவர் என்னைக் கண்டதும், "எட்டு வெரலு இருக்கு தங்கச்சி, கோயிலுக்கு நடக்க போதும்" என்றார். என்னால் சிரிக்க முடியவில்லை.

தலைவர் பழத்தோடு பார்க்க வந்தார். நான் வராந்தாவில் வைத்துக் கேட்டேன். "மொத வெரலு சீனியால போச்சு. ரெண்டாவது வெரலு எதால போச்சு தலைவரே?" அவர் பழத்தை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். கோயிலுக்குக் கூட்டம் வந்தால் கோபுரம் எழும்பும் என்று நினைத்தவர். ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டேன். இன்னொரு தடவை நடந்தாலும் கேட்பேன்.

பிறகு ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி உடம்பெல்லாம் வயர் ஒட்டித் தூங்கவைத்துப் பார்த்தார்கள். மூக்குக்குள் காற்று ஊதுகிற மெஷின் போட்டுத் தூங்க வேண்டும் என்றார்கள். கடைக்கு வருகிற ஒரு அம்மாவின் வீட்டில், அவருடைய அப்பா பாவித்த மெஷின் சும்மா கிடந்தது. முதலாளி அம்மாவே பேசி வாங்கித் தந்தார். "எனக்கு வருத்தமெண்டு தெரியாதப்பா. வாய் தவறிச் சொல்லிப்போட்டன்" என்றார். டொக்டரிடம் கொண்டுபோய்க் காட்டி, காற்றை அளவாக வைத்து, மூக்கு மூடியைப் புதிதாக வாங்கிக்கொண்டேன். மூக்கில் மூடி, அதிலிருந்து நீளமாக ஒரு குழாய். முதல் நாள் போட்டுக்கொண்டு திரும்பியபோது என் வீட்டுக்காரர் எழும்பி உட்கார்ந்து கைகூப்பினார்.

"என்னாங்க?"

"பிள்ளையாரே, தும்பிக்கைய ஆட்டாம தூங்கு."

கரண்ட் போகிற ராத்திரிகளில் பழைய கதைதான். மற்ற நாட்களில் விடிந்து எழும்பினால் விடிந்ததாகவே இருக்கிறது. மெஷின் போட்ட கொஞ்ச நாளில் ஒரு காலை, விளக்கு வைத்துப் பாட்டுத் தொடங்கினேன். முடிந்துவிட்டது. இவ்வளவு சின்னப் பாட்டா என்று எனக்கே சந்தேகமாகிவிட்டது. திரும்பவும் ஒரு தடவை பாடிப் பார்த்தேன். இப்போது கடையில் ஒற்றை ஒற்றையாகக் கை வெட்டினாலும் அச்சைத் திருப்பிப் போடுகிறேன். அந்தப் பெயரையும் யாரும் சொல்வதில்லை. சொன்னாலும் திரும்பிப் பார்க்கமாட்டேன், அது என் பெயர் இல்லை.

வெள்ளிக்கிழமைக் கோயிலை நான் விடவில்லை. அதே தூண் பக்கத்தில்தான் உட்காருகிறேன். நீங்கள் இடம் மாறினால் நல்லது என்று சிலர் சொன்னார்கள். நான் ஏன் மாற வேண்டும்? சிவப்புத் துணிப் பலகை கொஞ்சக் காலம் மூலையிலேயே கிடந்தது. ஒரு நாள் மதினி அதைத் தரதரவென்று இழுத்துவந்து, துணியை உதறி மடித்து வைத்துவிட்டு, தன் வீட்டுக்காரரை அதில் உட்காரவைத்தார். "இவருக்கு கீழ குந்த முடியாது தலைவரே, ஆத்தா கோவிச்சிக்க மாட்டா" என்றார். தலைவர் வேறு பக்கம் பார்த்தார். இப்போது அது அவருடைய பலகை. கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறார்.

தப்புச் சத்தம் ஏறும்போது நான் கும்பிடக் கண்ணை மூடுவேன். உடனே விலாவில் ஒரு குத்து விழும்.

"அடியே, தூங்குறியா?"

"இல்ல மதினி. கும்பிடுறேன்."

"மூச்சு வுடு. கேட்டுக்கிறேன்."

விடுகிறேன். அவர் காதை என் பக்கம் சாய்த்துக் கேட்டுவிட்டு, பிறகுதான் தன் கையைக் கூப்புகிறார்.